எம்ஜிபி வாங்கலாமா? கேட்டவர்களுக்கு என் பதில்கள்

என்னிடம் 1972 எம்ஜிபி ரோட்ஸ்டர் (கூரையை இறக்கிவிடக்கூடிய பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) ஒன்று பதினாறு வருடமாக இருக்கிறது. டிட்காட்டில் குடியிருக்கிறேன். அந்தக் கார் பிறந்த ஆபிங்டன் இங்கிருந்து பத்து மைல்கூட இல்லை. கோடையில் துணிக் கூரையை இறக்கிவிட்டு எங்கே போய் நிறுத்தினாலும் நம் ஆட்கள் யாராவது வந்து பேச்சுக் கொடுப்பார்கள். இந்த வருடம் அப்படி வந்த கேள்விகளுக்கு ஒரே இடத்தில் பதில் எழுதிவிடுகிறேன். கேட்டவர்களின் பெயர் வேண்டாம், ஊர் போதும்.

லெஸ்டர்: சின்ன வயதிலிருந்தே ஜாகுவார் ஈ-டைப் மேல் பைத்தியம். என் கையில் இருக்கும் காசுக்கு அதன் பக்கத்தில்கூடப் போக முடியாது. முதல் பழைய ஸ்போர்ட்ஸ் கார் எதை வாங்கலாம் அண்ணா?

ஈ-டைப்பை அடுத்தவர் வீட்டு வாசலில் பார்த்து ரசித்துக்கொள்ளுங்கள். வாங்குவதற்கு எம்ஜிபி. 1962-இல் வந்தது, 1980 அக்டோபரில் நின்றது, ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். அதனால் உதிரிப் பாகத்துக்குப் பஞ்சமே கிடையாது. முழு பாடியே புதிதாகக் கிடைக்கிறது என்றால் நம்புவீர்களா? பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் நிறுவனம் தொழிற்சாலையின் பழைய அச்சுகளைத் தேடிச் சேர்த்து 1988 முதல் அடித்துக் கொடுக்கிறது.

எஞ்சின் 1798 சிசி, இரண்டு எஸ்யூ கார்புரேட்டர், 95 குதிரைத்திறன். இது பிஎம்சி நிறுவனத்தின் பி-சீரிஸ் குடும்பம். நம் ஊர் அம்பாசடரில் ஓடிய 1489 சிசி எஞ்சினும் அதே குடும்பம்தான். ஊரிலிருந்து வந்த என் சித்தப்பா பானட்டைத் திறந்து பார்த்துவிட்டு, "இதுக்கா இவ்வளவு அலட்டல்? நம்ம டாக்ஸி எஞ்சின்!" என்றார். அவர் சொன்னது முக்கால்வாசி சரி.

எம்ஜி மிட்ஜெட், டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் இரண்டும் இன்னும் மலிவு. ஆனால் மிட்ஜெட்டில் உட்கார்ந்து பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். ஐந்தே முக்கால் அடிக்கு மேல் இருந்தால் முழங்கால் ஸ்டியரிங்கை முட்டும்.

ரெடிங்: குரோம் பம்பரா, ரப்பர் பம்பரா?

1974 கடைசியில் அமெரிக்க விதிகளுக்காகக் கறுப்பு ரப்பர் பம்பர் மாட்டினார்கள். பம்பரோடு விட்டிருந்தால் பரவாயில்லை, காரையும் ஒன்றரை அங்குலம் அளவுக்குத் தூக்கிவிட்டார்கள். வளைவில் திருப்பினால் கார் படகு மாதிரி சாய்ந்தது. 1977 மாடலில் அதை ஓரளவு சரி செய்தார்கள். அழகுக்குக் குரோம், அதற்குத்தான் விலையும் அதிகம். ஓட்டுவதுதான் முக்கியம் என்றால் துருப்பிடிக்காத ரப்பர் பம்பர் கார், துருப்பிடித்த குரோம் காரைவிட நூறு மடங்கு மேல்.

ஹாரோ: அண்ணை, ஒரு கார் பாத்து வச்சிருக்கிறன். முழுக்க ரெஸ்டோர் பண்ணினது எண்டு சொல்லி விக்கினம். புதுப் பெயின்ற், பாக்க வடிவாத்தான் இருக்கு. எதைப் பாத்து நம்புறது?

பெயின்ட்டை நம்பாதீர்கள் தம்பி. இந்தக் கேள்விக்கு மட்டும் நீளமாகப் பதில் சொல்லப்போகிறேன். காசு போகும் இடம் இதுதான்.

எம்ஜிபிக்கு முன்னால் வந்த எம்ஜிஏவில் சேசிஸ் தனி, பாடி தனி. எம்ஜிபியில் இரண்டும் ஒன்று. கூரை இல்லாத காரில் முன்பாதியையும் பின்பாதியையும் இழுத்துப் பிடிப்பது கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் 'சில்' என்ற பாகம்தான். வெளியே தெரியும் தகடு, உள்ளே நடுவில் ஒரு தகடு, அடியில் காசில் ரெயில் என்ற இன்னொரு தகடு என்று அடுக்கடுக்காகச் சேர்ந்த பெட்டி அது. முன்சக்கரம் வாரி அடிக்கும் சேறும் உப்புத் தண்ணீரும் மட்கார்டுக்குப் பின்னால் தேங்கி உள்ளிருந்து அரிக்கும். வெளியே பளபளவென்று இருக்கும்போதே உள்ளே ஒன்றும் இருக்காது.

சில் ஒழுங்காக மாற்றியதா என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. அந்தத் தகடு கதவின் நீளத்தோடு முடிவதில்லை, முன்னும் பின்னும் மட்கார்டுக்கு அடியில் போகும். முறையாக மாற்ற வேண்டுமென்றால் மட்கார்டின் கீழ்ப்பகுதியை வெட்டியோ கழற்றியோதான் ஆக வேண்டும். சோம்பேறி வெல்டர் கதவு அகலத்துக்கு மட்டும் ஒரு தகட்டை வெட்டி, துருவின் மேலேயே ஒட்டி, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்துவிடுவார். எனக்குக் கிடைத்தது அப்படிப்பட்ட கார். விற்றவர் டீ எல்லாம் கொடுத்து உபசரித்தார். நானும் எஞ்சின் சத்தத்தில் மயங்கிக் காசை எண்ணி வைத்துவிட்டு வந்தேன். ஏழாம் மாதம் டயர் மாற்ற ஜாக்கி வைத்துத் தூக்கினேன், கதவு திறக்கவில்லை. கார் நடுவில் தொய்ந்து கதவை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. ஜாக்கியை இறக்கியதும் ஒன்றுமே நடக்காத மாதிரி திறந்தது. இரண்டு பக்கமும் வெட்டி வெல்டிங் செய்ததில் காரின் விலையில் பாதி போனது.

அதனால் நீங்கள் போகும்போது ஒரு சின்னக் காந்தம், டார்ச், பழைய சாக்கு மூன்றும் எடுத்துப் போங்கள். கதவின் பின்பக்க இடைவெளி மேலிருந்து கீழ்வரை ஒரே அளவாக இருக்கிறதா? மேலே குறுகி இருந்தால் தொய்வு. காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிச் சில் நெடுக, மட்கார்டின் அடிப்பகுதி நெடுகத் தடவுங்கள். ஒட்டாத இடமெல்லாம் பட்டி. அப்புறம் சாக்கை விரித்துக் காருக்கு அடியில் படுங்கள். கடைசியாக, ஜாக்கி வைத்துத் தூக்கிக் கதவைத் திறந்து மூடிக் காட்டச் சொல்லுங்கள். முடியாது என்று சொன்னால் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுங்கள்.

ரெஸ்டோர் செய்தவர் போட்டோ எடுத்து வைத்திருப்பார். வேலை நடந்தபோது எடுத்த படமும் வெல்டிங் பில்லும் இல்லாத ரெஸ்டோரேஷனை நான் வெறும் பெயின்ட் வேலை என்றுதான் கணக்கு வைப்பேன்.

மில்டன் கீன்ஸ்: மோட்டார்வேயில் போக முடியுமா?

போகலாம், ஓவர்டிரைவ் (அதே வேகத்தில் எஞ்சின் சுற்றைக் குறைக்கும் அமைப்பு) இருந்தால். நான்கே கியர். ஓவர்டிரைவ் இல்லாமல் 70 மைலில் எஞ்சின் நிமிடத்துக்கு 3,900 சுற்றுக்குக் கத்தும், பக்கத்தில் இருப்பவரிடம் பேச முடியாது. சுவிட்சைத் தட்டினால் 3,200 அளவுக்கு இறங்கும். 1975-க்கு முன் அது தனியாகக் காசு கொடுத்து வாங்கும் வசதி, அதனால் எல்லாக் காரிலும் இருக்காது. இருக்கிறது என்று சொன்னால் போதாது, ஓட்டிப் பார்க்கும்போது வேலை செய்ய வேண்டும். இன்னொன்று, 1967-க்கு முந்தைய காரில் முதல் கியருக்கு சின்க்ரோ (கியர் உரசாமல் விழ உதவும் அமைப்பு) கிடையாது. ஓடும்போது போட்டால் பல் நெறிக்கும்.

க்ராய்டன்: லூகாஸ் எலெக்ட்ரிக்கல் என்றாலே எல்லோரும் சிரிக்கிறார்களே, நடுவழியில் நின்றுவிடுமா?

இந்தக் கார்களுக்கு மின்சாதனங்கள் செய்த லூகாஸுக்கு இருட்டின் இளவரசன் என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. பாவம், பாதிக் குற்றம் அவர்களுடையது இல்லை. ஐம்பது வருடமாக ஆளாளுக்கு ரேடியோவும் விளக்கும் மாட்டி வயரைக் கொத்தியிருப்பார்கள். பெரும்பாலான கோளாறு வயர் காரின் பாடியோடு சேரும் எர்த் பாயிண்டில் இருக்கும். கழற்றி உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மாட்டினால் விளக்கு எரியும். 1967 கடைசி வரை வந்த கார்களில் பாசிட்டிவ் எர்த் (பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு சேரும்) என்பதை மறந்து பேட்டரியை மாற்றி மாட்டிவிடாதீர்கள். பேட்டரியைத் தேடி பானட்டுக்குள் பார்க்கவும் வேண்டாம். சீட்டுக்குப் பின்னால் கார்பெட்டுக்கு அடியில் இருக்கும், 1974 வரை ஆறு வோல்ட்டில் இரண்டு.

நிற்குமா என்றால், என்னுடையது ஒரு தடவை நின்றது. ஏ34 சாலை, மழை, பக்கத்து சீட்டில் மாமியார். எஸ்யூ பெட்ரோல் பம்ப் பின்சக்கரத்தை ஒட்டி இருக்கும். சாவியைத் திருப்பினால் 'டக் டக் டக்' என்று அடித்து, கார்புரேட்டர் நிறைந்ததும் அடங்கும். அன்றைக்குச் சத்தமே இல்லை. உள்ளே மின்சாரத்தை விட்டுவிட்டுத் தரும் பாயிண்ட் கருகினால் அப்படித்தான். சாவியை ஆனில் விட்டு, சகதியில் படுத்து, ஸ்பேனரின் பிடியால் பம்பின் பக்கவாட்டில் இரண்டு தட்டுத் தட்டினேன். 'டக் டக்' என்று உயிர் வந்தது. வீடுவரை வந்தோம். மாமியார் இன்றைக்கும் ஊருக்குப் போன் பேசும்போது அதை "தட்டுனாத்தான் ஓடும் வண்டி" என்றுதான் சொல்கிறார். இப்போது பாயிண்ட் இல்லாத எலெக்ட்ரானிக் பம்ப் மாட்டிவிட்டேன். நீங்கள் வாங்கின உடனே அதைச் செய்யுங்கள்.

ஸ்லவ்: இப்போது வரும் பெட்ரோல் ஒத்துக்கொள்ளுமா?

2021 செப்டம்பரிலிருந்து இங்கிலாந்தில் சாதாரண பெட்ரோல் ஈ10, அதாவது பத்து சதவீதம் வரை எத்தனால். பழைய ரப்பர் ஹோஸை அது அரித்துவிடும். எத்தனால் குறைவான ஈ5 சூப்பரையே போடுங்கள், ஹோஸையும் எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றுங்கள். 2000-இல் ஈயம் கலந்த பெட்ரோல் கடையிலிருந்து போய்விட்டது. வால்வு சீட் தேயாமல் காத்தது அந்த ஈயம்தான். அதனால் சிலிண்டர் ஹெட்டில் கெட்டியான வால்வு சீட் போட்டிருக்கிறார்களா என்று விற்பவரிடம் கேளுங்கள். போடவில்லை என்றால் ஒவ்வொரு டேங்குக்கும் அதற்கான மருந்து ஊற்ற வேண்டும்.

ஈஸ்ட் ஹாம்: வரி, எம்ஓடி, யூலெஸ்?

நாற்பது வயது தாண்டிய காரை ஹிஸ்டாரிக் வகைக்கு மாற்றிக்கொண்டால் சாலை வரி இல்லை, லண்டனில் புகை அதிகம் விடும் வண்டிக்கு வாங்கும் யூலெஸ் கட்டணமும் இல்லை. பெரிதாக மாற்றியமைக்காத கார் என்றால் 2018 முதல் எம்ஓடி என்ற வருடாந்திரத் தகுதிச் சோதனையும் கட்டாயமில்லை. நான் வருடா வருடம் காசு கொடுத்து எம்ஓடி எடுக்கிறேன். பிரேக் பைப்பை என்னைத் தவிர இன்னொரு ஜோடிக் கண்ணும் பார்க்கட்டும். இன்சூரன்ஸில் காரின் மதிப்பை முன்கூட்டியே பேசி எழுதி வாங்குங்கள்.

வாட்ஃபோர்ட்: வீட்டுக்காரர் ரோட்ஸ்டர் கேட்கிறார். எங்களுக்கு இரண்டு வயதில் மகள் இருக்கிறாள். என்ன சொல்லட்டும்?

ஜிடி வாங்கச் சொல்லுங்கள். 1965-இல் வந்த கூரை வைத்த வகை, பின்னால் டிக்கிக் கதவு உண்டு, மழைக்கு ஒழுகாது, ரோட்ஸ்டரைவிட விலையும் குறைவு. பின்சீட் பேருக்குத்தான், குழந்தைக்கும் பைக்கும் போதும். ஆனால் பல கார்களில் பின்னால் பெல்ட் இருக்காது. பெல்ட் இல்லாத காரில் மூன்று வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தையை ஏற்றவே இங்கே சட்டம் இடம் தராது. பெல்ட்டும் குழந்தை சீட்டும் சரியாக மாட்ட முடிந்தால் மட்டும் கூட்டிப் போங்கள். நான் எழுதியதை அவருக்கு அப்படியே காட்டலாம்.

பர்மிங்ஹாம்: எனக்கு மெக்கானிக் வேலை தெரியாது. சமாளிப்பேனா?

ஆயில் மாற்றத் தெரிந்தால் போதும், மீதி வந்துவிடும். 20டபிள்யூ-50 ஆயில். கார்புரேட்டர் தலையில் இருக்கும் மூடியைத் திருகி எடுத்து அதே ஆயிலைக் கொஞ்சம் ஊற்றுங்கள். அது வற்றினால் ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போது கார் திக்கும். வால்வு இடைவெளி எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது 0.015 அங்குலம். எல்லோரும் மறப்பது கிங்பின், அதாவது முன்சக்கரம் திரும்பும் அச்சு. 3,000 மைலுக்கு ஒரு தடவை, முன்சக்கரத்தைத் தூக்கிவைத்துக் கிரீஸ் அடியுங்கள். மறந்தால் ஸ்டியரிங் கல் மாதிரி ஆகும்.

மறுபடியும் ஹாரோ: குளிர்காலத்தில என்ன செய்யிறது அண்ணை?

கவுன்சில் லாரி ரோட்டில் உப்புக் கொட்டிய அன்றைக்கே காரை உள்ளே விடுங்கள். கடைசியாக ஒரு தடவை அடிப்பக்கத்தைத் தண்ணீர் அடித்துக் கழுவி, நன்றாகக் காய்ந்ததும் சில்லுக்குள் துளை வழியாக மெழுகு அடியுங்கள். பிளாஸ்டிக் விரிப்பால் மூடாதீர்கள், உள்ளே வியர்த்துவிடும். ஹேண்ட்பிரேக்கைப் போட்டு வைக்காதீர்கள், ஒட்டிக்கொள்ளும். மார்ச்சில் நல்ல மழை இரண்டு பெய்து ரோட்டு உப்பைக் கழுவட்டும். அப்புறம் வெளியே எடுங்கள்.