இதயத்திற்குள் குருதி இருந்தும் இதயத்தசைக்கு ஏன் போதவில்லை?

வணக்கம். சாவகச்சேரியில் உள்ள உங்கள் அப்பாவின் அஞ்சியோகிராமில் (குருதிக்குழாய்களின் எக்ஸ்-கதிர்ப் படத்தில்) முன்பக்க முடியுருநாடி, அதாவது இதயத்தசைக்குக் குருதி கொண்டுசெல்லும் குழாய்களில் ஒன்று, ஒடுங்கியிருப்பதாகச் சொன்னதையும், குருதி நிறைந்த இதயத்திற்கே குருதி போதாமல் போவது எப்படி என்று கேட்டதையும் வாசித்தேன்.

இடது இதயவறையின் சுவர் ஏறத்தாழ 1 சென்ரிமீற்றர் தடிப்பான தசை. அறைக்குள் உள்ள குருதியின் ஒட்சிசன் அதன் உட்புறத்து மெல்லிய படைக்கு அப்பால் எட்டாது. ஆகவே குருதி முதலில் இதயத்திலிருந்து உடலுக்குச் செல்லும் முதன்மைக் குழாயான தொகுதிப் பெருநாடிக்குள் சென்று, அதன் தொடக்கத்திலுள்ள வால்வுக்குச் சற்று மேலே தொடங்கும் இரண்டு முடியுருநாடிகள் வழியாக இதயத்தின் வெளிப்பரப்புக்கு வந்து, அதன் பின்னரே தசைக்குள் இறங்குகிறது. ஒடுங்கியிருப்பது இடது முடியுருநாடியின் கிளை. இடது இதயவறையின் முன்சுவரும் இதயவறைகளைப் பிரிக்கும் சுவரின் பெரும்பகுதியும் அதையே நம்பியிருப்பதால், வைத்தியர் அதைப் பாரதூரமாகக் கருதுவது நியாயமே.

சைக்கிள் மிதிக்கும்போது மட்டும் அப்பாவுக்கு நெஞ்சு இறுகுவதாக எழுதியிருந்தீர்கள். இதயம் சுருங்கும்போது தசைக்குள் செல்லும் குழாய்களும் நசுங்குவதால், இடது இதயவறைத் தசை பெரும்பாலும் தளரும் நேரத்திலேயே குருதியைப் பெறுகிறது; துடிப்பு விரைவுபட்டால் அந்த நேரம் குறைகிறது, தேவையோ கூடுகிறது. ஓய்வாக இருக்கும்போதும் அந்த இறுக்கம் வந்தால், தயவுசெய்து காத்திராமல் உடனே 1990 அம்புலன்ஸை அழையுங்கள்.