கவுன்டரில் எல்லாவற்றுக்கும் ‘யெஸ்’ சொல்லாதீர்கள், தம்பி

தம்பி, மற்றவர்களுக்கும் புரியட்டும் என்று உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் டாலஸ் வந்து மூன்று மாதம். மதியம் டீமோடு சிபோட்லே (மெக்சிகன் வகைச் சாப்பாடு), பனேரா (சூப், சாண்ட்விச்), காவா (மத்தியதரைக் கடல் பக்கத்துச் சாப்பாடு) என்று மாறி மாறிப் போகிறீர்கள். பர்கர் கடைப் பக்கமே தலைவைத்துப் படுப்பதில்லை, ஆனாலும் நாலு கிலோ ஏறிவிட்டது. இந்தக் கடைகளில் எதைச் சாப்பிட்டால் உடம்புக்கு நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். போகிற போக்கில் இன்னொன்றும் எழுதியிருந்தீர்கள்: கவுன்டரில் வேகமாகக் கேட்கிறார்கள், பாதி புரிவதில்லை, அதனால் எல்லாவற்றுக்கும் ‘யெஸ்’ சொல்லிவிடுகிறேன் என்று.

எனக்கென்னவோ அந்த நாலு கிலோவில் பெரும்பகுதி இந்த ‘யெஸ்’ஸில்தான் இருக்கிறது என்று தோன்றுகிறது. எந்தக் கடை என்பது இரண்டாம் பட்சம். நம் கண்ணெதிரே, நாம் சொல்லச் சொல்ல அள்ளிப் போடும் கடைகள் இவை. கரண்டி எழும்புவதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான்.

கணக்குப் போட்டே காட்டுகிறேன். சிபோட்லே தன் இணையதளத்தில் ஒவ்வொரு பொருளுக்கும் அளவு போட்டிருக்கிறது. பரிட்டோ என்பது சாதம், பீன்ஸ், கறி எல்லாம் உள்ளே வைத்து ரொட்டியில் சுருட்டித் தருவது; அதைச் சுற்றும் ரொட்டி மட்டும் சுமார் 320 கலோரி. சாதம் 210, பீன்ஸ் 130, சிக்கன் 180, சீஸ் 110, சவர் கிரீம் (புளித்த கிரீம்) 110, தக்காளி சால்சா (நறுக்கிய தக்காளிச் சட்னி மாதிரி) 25. கூட்டினால் 1,085. நாள் முழுவதற்கும் பொதுவாகச் சொல்லும் அளவே 2,000தான். அதே சாமான்களைக் கிண்ணத்தில் வாங்கி, சீஸையும் சவர் கிரீமையும் விட்டுவிட்டால் 545. சாதம் இருக்கிறது, சிக்கன் இருக்கிறது, வயிறும் நிறையும். நம் ஆட்கள் முதலில் சாதத்தைத்தான் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவார்கள், பாவம்! கூட்டிப் பார்த்தால் ரொட்டியும் வெள்ளையாக மேலே விழும் இரண்டும்தான் பாதி. பக்கத்தில் ஒரு பை சிப்ஸ் வாங்கினீர்களானால் அது தனியாக 540.

கலோரியைவிட எனக்குப் பெரிய கவலை உப்பு. மேலே சொன்ன பரிட்டோவில் சோடியம் ஏறக்குறைய 2,240 மில்லிகிராம் வருகிறது. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு இங்கே சொல்லும் உச்சவரம்பு 2,300. அந்தத் தக்காளி சால்சாவில் கலோரி 25தான், சோடியமோ 550. நாக்குக்குத் தெரியவே தெரியாது.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். வந்த புதிதில் ஆபீசுக்குக் கீழே இருந்த ஒரு சாலட் கடையில் எட்டு மாதம் தினமும் சாப்பிட்டேன். இலை தழைதானே என்ற நிம்மதி. வருடாந்திரப் பரிசோதனையில் பிரஷர் 146 என்றார் டாக்டர். வீட்டுக்கு வந்து அந்தக் கடையின் பட்டியலைத் தேடிப் பார்த்தேன். சர்க்கரைப் பாகில் புரட்டிய வால்நட், சீஸ், பொரித்த நூடுல்ஸ், மேலே இரண்டு கரண்டி டிரெஸ்ஸிங், அதாவது சாலட் மேல் ஊற்றும் குழம்பு மாதிரியான கலவை. கீரை அடியில் சும்மா உட்கார்ந்திருந்தது. அதனால் சாலட் என்றாலே டிரெஸ்ஸிங்கைத் தனியாகக் கேளுங்கள். ‘டிரெஸ்ஸிங் ஆன் த சைடு’ என்றால் சின்னக் கிண்ணத்தில் தருவார்கள். முள்கரண்டியைத் தொட்டுத் தொட்டுச் சாப்பிட்டால் பாதிகூடச் செலவாகாது.

இன்னும் சில வார்த்தைகளை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். ‘லைட் ரைஸ்’ என்றால் சாதம் குறைவாக. ‘நோ சீஸ், நோ சவர் கிரீம்’ என்று சாதம் விழும்போதே சொல்லிவிடலாம். ‘பிளாக் ஆர் பின்டோ’ என்று கேட்டால் எந்த பீன்ஸ் வேண்டும் என்று அர்த்தம், இரண்டும் நல்லதுதான். ‘ஃபஹீட்டா வெஜீஸ்’ என்பது வதக்கிய குடைமிளகாயும் வெங்காயமும், வெறும் 20 கலோரி, தாராளமாகக் கேளுங்கள். புரியாவிட்டால் ‘சாரி, வாட்ஸ் தட்?’ என்று கேட்பதில் ஒரு வெட்கமும் வேண்டாம். பின்னால் நிற்பவர் பெருமூச்சு விடுவார், விடட்டும்.

பலகையில் விலைக்குப் பக்கத்தில் இருக்கும் எண்ணையும் பாருங்கள். 2018 மே மாதத்திலிருந்து, 20 அல்லது அதற்கு மேற்பட்ட கிளைகள் உள்ள சங்கிலிக் கடைகள் கலோரியைப் பலகையில் போட்டே ஆக வேண்டும் என்பது நாடு முழுக்க விதி. சோடியம், சர்க்கரை விவரங்களையும் கேட்டால் எழுத்தில் காட்ட வேண்டும். ஆனால் ‘650–1,200’ என்று போட்டிருந்தால் ஏமாந்துவிடாதீர்கள். அந்த இரண்டு எண்களுக்கு நடுவே எங்கே நிற்பது என்பது நீங்கள் சொல்லும் யெஸ், நோவைப் பொறுத்தது.

பனேராவில் சூப்பை ரொட்டிக் கிண்ணத்தில் (ரொட்டியையே குடைந்து கிண்ணமாக்கியது) வாங்காதீர்கள். சூப் என்றால் இலேசான சமாச்சாரம் என்று நாம் நினைப்போம், இங்கே பாதி சூப்பில் கிரீமும் சீஸும்தான். கூட என்ன வேண்டும் என்று கேட்டால் ஆப்பிள் என்று சொல்லிவிடுங்கள். காவாவில் அடியில் சாதத்துக்குப் பதிலாக, அல்லது பாதிப் பாதியாக, கறுப்புப் பருப்பு கிடைக்கும். சைவம் சாப்பிடுகிற நாளில் எனக்கு அதுதான். ஃபலாஃபல் பருப்பு வடை மாதிரிதான், எண்ணெயில் பொரித்தது என்பதை மறக்க வேண்டாம்.

குடிக்கத் தண்ணீர். தனியாகக் கப் கேட்டால் பெரும்பாலும் இலவசமாகவே தருவார்கள். 20 அவுன்ஸ் கோக் ஒன்றில் 65 கிராம் சர்க்கரை. டெக்ஸாஸில் ஐஸ் டீ கேட்டால் ‘ஸ்வீட் ஆர் அன்ஸ்வீட்’ என்பார்கள். இந்த ஒரு கேள்விக்குத் தலையாட்டினால் பாயசம் மாதிரி ஒன்று வரும், ஜாக்கிரதை.

அப்புறம், கிண்ணம் பெரிதாக இருந்தால் சாப்பிட ஆரம்பிக்கும் முன்பே பாதியை மூடியில் ஒதுக்கி, ஆபீஸ் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். ‘போதும்போது நிறுத்திக்கொள்வேன்’ என்பது என்னிடம் ஒரு நாளும் நடந்ததில்லை.

டீமோடு போவதை நிறுத்திவிட்டு டப்பா கட்டவா என்றும் கேட்டிருந்தீர்கள். முழுக்க நிறுத்தாதீர்கள். புது ஊரில் ஆட்கள் பழக்கமாவது அந்த ஒரு மணி நேரத்தில்தான். மூன்று நாள் டப்பா, இரண்டு நாள் அவர்களோடு என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை போகும் கடையின் பெயரை எழுதுங்கள், அங்கே என்னென்ன கேட்பார்கள் என்று முன்கூட்டியே சொல்கிறேன்.