உருப்படி 24, உதவுவது நான்கு

பூட்டைச் சாவியின்றித் திறக்கப் பழகுவதைப் பொழுதுபோக்காக எடுத்துக்கொண்ட வாசகர்களிடமிருந்து சில வாரங்களாகக் கடிதங்கள் வருகின்றன. பொருள் வாங்குவது, ஏமாறுவது தொடர்பானவற்றை மட்டும் சுருக்கி இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். தமக்குச் சொந்தமில்லாத பூட்டைத் திறக்க வழி கேட்டு எழுதியவர்களுக்கு இந்தப் பகுதியில் இடமில்லை.

கேள்வி: இணையத்தில் 999 ரூபாய்க்கு 24 உருப்படிகள் கொண்ட பிக் செட் (பூட்டுக்குள் விட்டுத் திறக்கும் கம்பிகளின் தொகுப்பு) வாங்கினேன். கூடவே வந்த கண்ணாடி போன்ற அக்ரிலிக் பூட்டை முதல் நாளே திறந்துவிட்டேன். கடையில் வாங்கிய பித்தளைப் பூட்டோ ஒரு மாதமாக அசைந்துகொடுக்கவில்லை. குறை கருவியிலா, என்னிடமா? (கல்லூரி மாணவர், கோயம்புத்தூர்)

பதில்: உங்களிடம் இல்லை. 'பின்' (pin) எனப்படும் சிறு உலோகத் தண்டுகளைக் கொண்ட பின் பூட்டு எப்படி ஏமாறுகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் இது விளங்கும். சாவித் துளையுள்ள உருளையில் வரிசையாகத் துளையிட்டு, ஒவ்வொரு துளையிலும் கீழ்ப்பின், மேல்பின், ஸ்பிரிங் என வைத்திருப்பார்கள். சரியான சாவி நுழைந்தால் இரு பின்களும் சந்திக்கும் இடம் உருளையின் விளிம்போடு ஒன்றிவிடும், உருளை சுழலும். ஆனால் அந்தத் துளைகள் நூல் பிடித்தாற்போல் ஒரே நேர்கோட்டில் அமைவதில்லை. அதனால் டென்ஷன் கம்பியால் உருளையை இலேசாகத் திருகிப் பிடிக்கும்போது, எல்லாப் பின்களும் ஒருசேர இறுகாமல் ஏதோ ஒன்று மட்டும் முதலில் இறுகும். அதைத் தேடி மெல்லத் தூக்கினால் ஒரு சிறு 'டிக்' விரலில் படும், உருளை மயிரிழை திரும்பும், பிறகு அடுத்த பின் இறுகும். அக்ரிலிக் பூட்டில் துளைகள் தளர்ந்தும் ஸ்பிரிங்குகள் சோர்ந்தும் இருப்பதால் இந்த 'டிக்' ஒழுங்காகக் கிடைப்பதில்லை. அதோடு பின் எங்கே நிற்கிறது என்பதைக் கண்ணே பார்த்துவிடுகிறது. விடைத்தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கணக்குப் போட்டவர் தேர்வில் திணறுவதைப் போலத்தான் நீங்கள் இப்போது பித்தளைப் பூட்டின் முன் திணறுகிறீர்கள். அந்தப் பூட்டில் நடுவே ஒடுங்கிய ஸ்பூல் பின்கள் இருக்கவும் வாய்ப்புண்டு. அவை உருளையைச் சிறிது திரும்பவிட்டு, திறந்துவிட்டது போலப் பாசாங்கு காட்டி நிறுத்திவிடும்.

இனி அந்த 24 உருப்படிகள். இந்த எண்ணிக்கை வியாபாரத்தைப் பற்றி நான் முன்பும் எழுதியிருக்கிறேன், இனியும் எழுதுவேன். எஃகு இன்னது, தடிமன் இவ்வளவு என்று சொல்ல முடியாத விற்பனையாளர், உருப்படி இத்தனை என்று சொல்கிறார். நாமும் விலையை எண்ணிக்கையால் வகுத்துப் பார்த்து மலிவு என்று மகிழ்ந்துபோகிறோம். உங்கள் செட்டைப் பிரித்துப் பாருங்கள். அதில் பாதிக்கு மேல், வளைவு மட்டும் சற்று மாறிய ரேக்குகளாக, அதாவது பின்களை முன்னும் பின்னும் உரசித் திறக்கும் அலைவடிவக் கம்பிகளாக இருக்கும். பின்களை ஒவ்வொன்றாகத் தூக்கும் கொக்கிகளின் விளிம்பை நகத்தால் நெருடினால் தகடு வெட்டியபோது நின்ற பிசிறு தட்டுப்படும். அந்தப் பிசிறு பின்னில் உரசும்போது வரும் அதிர்வைத்தான் நீங்கள் 'டிக்' என்று நம்பிக்கொண்டிருக்கிறீர்கள். தொடங்குபவருக்கு ஒரு குட்டைக் கொக்கி, ஒரு நடுத்தரக் கொக்கி, சாவித் துளையின் அடியில் பிடிக்க ஒன்றும் மேலே பிடிக்க ஒன்றுமாக இரண்டு டென்ஷன் கம்பிகள், ஆக நான்கு போதும். ஸ்பிரிங் தன்மையுள்ள எவர்சில்வர் எஃகில், ஏறத்தாழ 0.5 முதல் 0.6 மில்லிமீட்டர் தடிமனில், விளிம்பு மழுக்கப்பட்டதாகப் பார்த்து வாங்குங்கள். மிச்சப் பணத்தைப் பூட்டில் போடுங்கள்: பின்களைக் கழற்றி மாட்டத்தக்க பயிற்சிப் பூட்டு ஒன்று வாங்கி, முதலில் ஒரே பின்னோடு திறந்து, பழகப் பழக இரண்டு, மூன்று என்று கூட்டிக்கொண்டே போகலாம். பேனாக்கத்தி போல மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளும் செட் ஒன்று என் அலமாரியில் தூங்குகிறது. அதன் ஆணி தளர்ந்து பிக் ஆடுவதால், பின் அசைகிறதா கைப்பிடி அசைகிறதா என்பதே தெரிவதில்லை. அழகாக இருக்கிறது என்று வாங்கியது, நீங்கள் வாங்கவேண்டாம்.

கேள்வி: வீட்டில் பழைய ஏழு லீவர் பூட்டுகள் நிறைய உள்ளன. என் பிக் செட்டுக்கு ஒன்றுகூட மசியவில்லை. இன்னும் விலை கூடிய செட் வாங்கலாமா? (ஓய்வுபெற்ற வங்கி அலுவலர், மதுரை)

பதில்: வாங்காதீர்கள். உங்கள் செட் பின் பூட்டுக்கானது; லீவர் பூட்டின் உள்ளமைப்பே வேறு. அதில் தகடு தகடாக அடுக்கிய லீவர்கள் ஒவ்வொன்றும் சரியான உயரத்துக்கு ஏறினால்தான் தாழ் நகரும். இரட்டைச் செயலுள்ள லீவருக்கு லண்டனில் ராபர்ட் பேரன் காப்புரிமை பெற்ற ஆண்டு 1778. ஒரு தகட்டைக் குறைவாகத் தூக்கினாலும் திறக்காது, கூடுதலாகத் தூக்கினாலும் திறக்காது என்பதே அதன் சிறப்பு. அதற்கான கருவியும் வேறு, பழகுவதும் கடினம். பூட்டை அடையாளம் காணச் சாவியைப் பாருங்கள். உருண்ட தண்டின் நுனியில் மட்டும் பல் வெட்டியிருந்தால் பெரும்பாலும் லீவர். தட்டையான சாவியின் விளிம்பு நெடுக மேடும் பள்ளமுமாக வெட்டியிருந்தால் பின். தட்டைப் பரப்பில் குழி குழியாக இருந்தால் கடைக்காரர் 'கம்ப்யூட்டர் சாவி' என்பார். அதுவும் பின் பூட்டின் சாவியே, கம்ப்யூட்டருக்கும் அதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை.

கேள்வி: வாடகை வீட்டின் வாசற்கதவுப் பூட்டில் பழகிக்கொண்டிருந்தபோது கொக்கி உள்ளேயே முறிந்துவிட்டது. செட் விற்றவர்மீது வழக்குத் தொடரலாமா? (மென்பொருள் பொறியாளர், சென்னை)

பதில்: செட்டின் விலையைக் கேட்கலாம், பூட்டின் விலையைக் கேட்க முடியாது. புழக்கத்தில் இருக்கும் பூட்டில் கை வைக்கக்கூடாது, பிறர் பூட்டில் அனுமதியின்றிக் கை வைக்கக்கூடாது என்பவை உலகெங்கும் இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்கள் வலியுறுத்தும் இரு விதிகள். நீங்கள் இரண்டையும் ஒரே கதவில் மீறியிருக்கிறீர்கள். முறிந்த துண்டைப் பசை தடவி இழுக்க முயலாமல் பூட்டுக்காரரை அழையுங்கள். வீட்டு உரிமையாளரிடம் உண்மையைச் சொல்லிவிட்டுப் புதுப் பூட்டுக்குப் பணம் கொடுங்கள்.

கேள்வி: பழைய பூட்டுகள் சேர்க்கும் ஆசையில், 'அசல் திண்டுக்கல் கைவினை மாங்காய்ப் பூட்டு' என்ற விளம்பரத்தைப் பார்த்து 3,200 ரூபாய் கட்டினேன். வந்தது எந்திரத்தில் அச்சடித்த சாதாரணப் பூட்டு. 'திரும்பப் பெற இயலாது' என்கிறார்கள். (ஆசிரியை, தஞ்சாவூர்)

பதில்: உங்களை ஏமாற்றியவர்களின் துணிச்சல் எரிச்சலூட்டுகிறது. திண்டுக்கல் பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. வேறெங்கோ செய்த பூட்டுக்கு அந்தப் பெயரைச் சூட்டி விற்பது சட்டப்படி தவறு. விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்பப் பெற மறுக்கக்கூடாது என்பது 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளில் இருக்கிறது. ஆகவே 'திரும்பப் பெற இயலாது' என்று அவர்கள் எழுதிவைத்திருப்பதைக் கண்டு பின்வாங்கவேண்டாம். விளம்பரப் பக்கத்தையும் வந்த பூட்டையும் படமெடுத்து, தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். அவர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதாக ஒப்பவும், ஒரு மாதத்துக்குள் தீர்க்கவும் கடமைப்பட்டவர். தீராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் கொடுத்த தொகை ஐந்து இலட்சத்துக்கு மேற்படாததால் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் புகார் தரவேண்டும். பணம் கைக்கு வந்ததும் திண்டுக்கல்லுக்கே போய், பட்டறையில் பூட்டைக் கையிலெடுத்துப் பார்த்து வாங்குங்கள். அப்படி வாங்கிய பூட்டைத் திறந்து பழகுகிறேன் என்று கம்பி விட்டுக் கெடுத்துவிடாதீர்கள். கையால் அராவிய லீவர்களில் கீறல் விழுந்தால் பிறகு சாவியே சிக்கும்.

கேள்வி: '2 மட்டுமே மீதம்' என்று காட்டியதால் விசாரிக்காமல் செட்டை வாங்கினேன். மறுவாரமும் அதே '2 மட்டுமே மீதம்'. (திருநெல்வேலி)

பதில்: பொய் அவசரம் காட்டுவது 2023-இல் வெளியான வழிகாட்டு நெறிகளின்படி தடை செய்யப்பட்ட தந்திரம், திரையில் தெரிந்ததைப் படமெடுத்து (ஸ்கிரீன்ஷாட்) 1915 என்ற உதவி எண்ணில் புகார் செய்யலாம். ஆனாலும் பூட்டுக் கம்பி அரிசி பருப்பன்று, ஒரு வாரம் பொறுத்து விசாரித்திருந்தால் யாரும் பட்டினி கிடந்திருக்கமாட்டார்கள்.

கேள்வி: என் 12 வயது மகன் பிக் செட் கேட்கிறான். வாங்கித் தந்தால் தவறான வழிக்குப் போவானோ? (தாய், சேலம்)

பதில்: திருடன் கடப்பாரையோடு வருகிறான், ஒரு பின்னை உட்கார்ந்து தடவிப் பார்க்க அவனுக்குப் பொறுமை இல்லை. முதலில் செட் வாங்காமல், திருகாணியில் பிரித்து மறுபடி சேர்க்கத்தக்க பழைய கதவுப் பூட்டு ஒன்றை வாங்கிக் கொடுங்கள். சிதறிய ஸ்பிரிங்குகளைத் தேடியெடுத்துத் திரும்பப் பூட்டிக் காட்டினானானால் அவனுக்கு உண்மையான ஆர்வம் இருக்கிறது என்று பொருள், செட் வாங்கலாம். மேலே சொன்ன இரு விதிகளையும் அவன் வாயாலேயே சொல்ல வையுங்கள்.

கேள்வி: 'எவராலும் திறக்க முடியாத பூட்டு' என்று ஒரு விளம்பரம். பழகுவதற்கு வாங்கலாமா? (ஈரோடு)

பதில்: விளம்பரத்தை நம்பி வேண்டாம். லண்டனில் பிராமா நிறுவனம் தன் பூட்டைத் திறப்பவருக்கு 200 கினி (அந்நாளைய ஆங்கிலப் பணம்) தருவதாகக் கடைச் சன்னலில் பலகை வைத்து அரை நூற்றாண்டுக்கு மேல் நிமிர்ந்து நின்றது. 1851-இல் லண்டனில் நடந்த பெரும் பொருட்காட்சியின்போது ஆல்ஃபிரட் ஹாப்ஸ் என்ற அமெரிக்கர், 16 நாள்களில் பரந்த 51 மணி நேரத்தில் அதைத் திறந்துவிட்டார். ஹாப்ஸ் ஒரு போட்டி நிறுவனத்தின் பூட்டை விற்க வந்தவர் என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்கவேண்டும்.

கேள்வி: வேலைக்காக ஒசாகா போகிறேன். என் பிக் செட்டை எடுத்துச் செல்லலாமா?

பதில்: கூடாது. ஜப்பானில் 2003-இல் வந்த சட்டப்படி, தக்க காரணமின்றி இவற்றை வைத்திருப்பதே குற்றம்.

கேள்வி: பயிற்சிப் பூட்டு இறுகிவிட்டது. தேங்காய் எண்ணெய் விடலாமா? (நாகர்கோவில்)

பதில்: வேண்டாம். புழுதி ஒட்டிப் பசையாகி, மேலே ஏறிய பின் கீழே இறங்காது. கிராஃபைட் தூள் சிறிது தூவுங்கள். ஏற்கெனவே எண்ணெய் விட்டிருந்தால் முதலில் பிரித்துத் துடைத்துவிட்டுத் தூவுங்கள், இல்லையேல் இரண்டும் கலந்து கறுப்புச் சேறாகிவிடும்.