முதலிடத்துக்குப் பின்னால் ஒரு கணக்கு: பாப் தரவரிசையின் வினோதப் பொருத்தங்கள் – கேள்வி பதில்

இங்கே பெரும்பாலும் பேசப்படுவது இரண்டு பட்டியல்கள். ஒன்று, 1958 ஆகஸ்ட் 4 அன்று தொடங்கிய அமெரிக்காவின் பில்போர்ட் இதழ் வெளியிடும் ஹாட் 100. இன்னொன்று, 1952 நவம்பர் 14 அன்று தொடங்கிய பிரிட்டனின் சிங்கிள்ஸ் (தனிப்பாட்டு வெளியீடுகள்) பட்டியல்.

கேள்வி: 'பொஹீமியன் ராப்ஸடி' பாட்டுக்குள்ளேயே 'மம்மா மியா' என்று வருகிறது. அதை முதலிடத்திலிருந்து இறக்கியதும் 'மம்மா மியா' என்ற பாட்டுதான் என்கிறார்களே, உண்மையா? யாராவது கட்டிவிட்டதா?

பதில்: உண்மைதான், ஆனால் பிரிட்டனில் மட்டும். குயின் குழுவின் பாட்டு 1975 நவம்பர் 29 தேதியிட்ட பட்டியலில் முதலிடத்துக்கு வந்து 9 வாரம் அசையாமல் இருந்தது. 1976 ஜனவரி 31 பட்டியலில் அந்த இடத்துக்கு வந்தது ஆபா குழுவின் 'மம்மா மியா'. அமெரிக்காவில் இந்தப் பொருத்தம் நடக்கவே இல்லை. அங்கே அந்த ஆண்டு குயின் பாட்டு 9ஆம் இடம் வரைக்கும், ஆபா பாட்டு 32 வரைக்கும்தான் ஏறின.

இதில் எந்த விதியும் புகுந்து விளையாடவில்லை, சுத்தமான தற்செயல். தரவரிசைப் பொருத்தங்களில் இப்படிப்பட்டவை குறைவு என்பதால்தான் இதைத் தனியாகச் சொல்கிறேன். மற்றவற்றைக் கொஞ்சம் சுரண்டினால் அடியில் ஒரு எண்ணும் முறையோ, விதி மாற்றமோ, வியாபார ஒப்பந்தமோ கிடைக்கும்.

கேள்வி: 1964இல் பீட்டில்ஸ் முதல் ஐந்து இடங்களையும் பிடித்தது. அவ்வளவு பெரிய ரசிகர் கூட்டம் இருந்தால் அது இயல்புதானே? இதில் தற்செயல் எங்கே வந்தது?

பதில்: ரசிகர் கூட்டம் பாதிக் காரணம்தான். மீதிப் பாதி, யாரும் திட்டமிடாத ஒரு வியாபாரக் குழப்பம். 1964 ஏப்ரல் 4 ஹாட் 100 பட்டியலைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1. 'கான்ட் பை மீ லவ்' – கேப்பிடல். 2. 'ட்விஸ்ட் அண்ட் ஷவுட்' – டாலி. 3. 'ஷி லவ்ஸ் யூ' – ஸ்வான். 4. 'ஐ வான்ட் டு ஹோல்ட் யுவர் ஹேண்ட்' – கேப்பிடல். 5. 'ப்ளீஸ் ப்ளீஸ் மீ' – வீ-ஜே. ஐந்து பாட்டு, நான்கு லேபிள் (இசைத்தட்டு நிறுவனப் பெயர்)!

பீட்டில்ஸின் இசைத்தட்டுகளை வெளியிட்ட இஎம்ஐ நிறுவனத்தின் அமெரிக்கக் கிளைதான் கேப்பிடல். 1963இல் வந்த ஆரம்பப் பாட்டுகளை அது வேண்டாம் என்று தள்ளிவிட்டது. அதனால் அவற்றின் அமெரிக்க உரிமை வீ-ஜே, ஸ்வான் போன்ற சிறிய நிறுவனங்களுக்குப் போனது. டாலி, வீ-ஜேயின் துணை லேபிள். அப்போது அந்தப் பாட்டுகளை அங்கே யாரும் பெரிதாகச் சட்டை செய்யவில்லை. 1964 பிப்ரவரி 9 அன்று எட் சல்லிவன் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் குழு தோன்றியதும் நிலைமை தலைகீழானது. அவரவர் கையில் இருந்ததை அவரவர் ஒரே நேரத்தில் கடைக்கு அனுப்பினார்கள்.

பிரிட்டனில் அந்த ஐந்தும் 1963 ஜனவரியிலிருந்து 1964 மார்ச் வரை, ஏறக்குறைய 14 மாதத்தில் இடைவெளி விட்டு வந்தவை. எல்லாம் ஒரே நிறுவனத்தின் கையில் இருந்திருந்தால் தன் பாட்டோடு தன் பாட்டையே மோதவிட்டிருக்காது. ஒன்று இறங்கிய பிறகுதான் அடுத்ததை விட்டிருக்கும். 14 மாதச் சரக்கு சில வாரங்களில் கொட்டப்பட்டதால்தான் ஐந்து இடமும் நிரம்பின. அதே வாரம் 100க்குள் மொத்தம் 12 பீட்டில்ஸ் பாட்டு இருந்ததற்கும் காரணம் இதுவே.

கேள்வி: டெய்லர் ஸ்விஃப்ட் பத்து இடத்தையும் பிடித்தாரே. அப்படியானால் அது பீட்டில்ஸைவிடப் பெரிய சாதனையா?

பதில்: இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது. 1964இல் ஒரு பாட்டு பட்டியலுக்கு வர வேண்டுமானால் அது தனி சிங்கிளாகக் கடையில் விற்க வேண்டும். 2022 நவம்பர் 5 ஹாட் 100 பட்டியலில் 'மிட்நைட்ஸ்' ஆல்பத்தின் பாட்டுகள் முதல் பத்து இடத்தையும் நிரப்பின. ஆல்பத்தின் எந்தப் பாட்டை ஸ்ட்ரீம் செய்தாலும் அது அந்தப் பாட்டின் கணக்கில் தனியாக ஏறும் என்பதுதான் இதற்கு வழிவிட்டது.

பிரிட்டனில் இது நடக்காது. 2017 மார்ச்சில் எட் ஷீரனின் ஒரே ஆல்பத்தைச் சேர்ந்த 16 பாட்டுகள் முதல் 20க்குள் வந்தன. அந்த ஜூலையிலேயே ஒரு முதன்மைக் கலைஞருக்கு ஒரு வாரத்தில் மூன்று பாட்டுதான் என்று வரம்பு வைத்துவிட்டார்கள். எனவே பிரிட்டனில் ஒருவருக்கு மூன்று பாட்டு மட்டும் இருந்தால் நான்காவது தோற்றுவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். அதை விதி வெட்டியிருக்கலாம்.

கேள்வி: இரண்டு பாட்டு சரிசமமாக முதலிடத்தில் நின்றது உண்டா?

பதில்: உண்டு, அதிலும் ஒரே பாட்டு! 'ஆன்சர் மீ' என்ற பாட்டை டேவிட் விட்ஃபீல்டும் ஃப்ராங்கி லெய்னும் தனித்தனியாகப் பாடினார்கள். 1953 நவம்பர் 6 அன்று விட்ஃபீல்டின் பதிவு பிரிட்டனில் முதலிடம். அடுத்த வாரமே லெய்னின் பதிவு அதை இறக்கியது. டிசம்பர் 11 அன்று இரண்டும் சேர்ந்து முதலிடத்தில் உட்கார்ந்தன. அன்றைய பட்டியல், சில கடைகளைத் தொலைபேசியில் கேட்டு மதிப்பெண் போட்டுக் கூட்டியது. கடைகளின் எண்ணிக்கை குறைவு, எண்களும் சிறியவை, அதனால் சமநிலை அடிக்கடி வரும். முதல் பட்டியலையே பாருங்களேன்: பெயர் 'முதல் 12', உள்ளே இருந்தவை 15 பாட்டு.

1990 செப்டம்பரில் பிரிட்டனில் ஸ்டீவ் மில்லர் பேண்டின் 'தி ஜோக்கர்', டீ-லைட்டின் 'க்ரூவ் இஸ் இன் தி ஹார்ட்' இரண்டும் சமமாக வந்தன. அப்போது இருந்த விதிப்படி, முந்தைய வாரத்தைவிட எந்தப் பாட்டின் விற்பனை அதிகம் உயர்ந்ததோ அதற்கே முதலிடம். ஜோக்கர் மேலே போனது. டீ-லைட் இரண்டாம் இடத்தோடு நின்றது. அந்தப் பாட்டு பின்னர் முதலிடத்தைத் தொடவே இல்லை.

கேள்வி: தலைப்பில் உள்ள எண்ணும் பிடித்த இடமும் ஒன்றாக அமைந்த பாட்டு ஏதாவது?

பதில்: பிரின்ஸின் '7', 1993இல் ஹாட் 100இல் 7ஆம் இடம் வரை போனது. சிகாகோ குழுவின் '25 ஆர் 6 டு 4', 1970இல் 4ஆம் இடம்.

கேள்வி: இரண்டு பழைய பாட்டுகளின் மறுபதிவுகள் அடுத்தடுத்து முதலிடம் வந்தன, இரண்டின் மூலமும் ஒரே குழு என்று படித்தேன். எந்தக் குழு?

பதில்: டாமி ஜேம்ஸ் அண்ட் தி ஷாண்டெல்ஸ். 1987 நவம்பர் 7 ஹாட் 100 பட்டியலில் டிஃபனி பாடிய 'ஐ திங்க் வி ஆர் அலோன் நவ்' முதலிடம், இரண்டு வாரம். நவம்பர் 21இல் அதை இறக்கியது பில்லி ஐடலின் 'மோனி மோனி'. மூலப் பதிவுகள் 1967இலும் 1968இலும் வந்தவை. அவை பிடித்த உச்சம் முறையே 4, 3. மூலக் குழுவால் அந்த இரண்டு பாட்டிலும் தொட முடியாத முதலிடத்தை, 20 ஆண்டு கழித்து ஒருவருக்கொருவர் சம்பந்தமில்லாத இரண்டு பேர் அடுத்தடுத்த வாரங்களில் தொட்டார்கள். எனக்கு மிகவும் பிடித்த பொருத்தம் இதுதான்.

இதற்கும் விதி விளக்கம் தேட வேண்டாம். ஆனால் எண்ணிக்கையை நினைவில் வையுங்கள். ஹாட் 100இன் 1000ஆவது முதலிடப் பாட்டு, 2011இல் வந்த லேடி காகாவின் 'பார்ன் திஸ் வே'. அதாவது அரை நூற்றாண்டுக்குச் சற்று அதிகமான காலத்தில் ஏறக்குறைய ஆயிரம் முறை ஒரு பாட்டு இன்னொன்றை இறக்கியிருக்கிறது. ஆயிரம் ஜோடிகளில் பாடகர், தலைப்பு, மூலம், எழுதியவர் என்று ஏதோ ஒரு வகையில் பொருந்துபவை சில கட்டாயம் இருக்கும்.

கேள்வி: ஒரே பாட்டு, ஒரே குழு, ஆனால் ஒரே வாரத்தில் இரண்டு இடங்களில்! இது அச்சுப் பிழைதானே?

பதில்: பிழை இல்லை. 1990இல் ஹாட் 100இல் ரைட்டியஸ் பிரதர்ஸின் 'அன்செயின்ட் மெலடி' அப்படித்தான் வந்தது. 'கோஸ்ட்' படத்தில் ஒலித்தது 1965இன் மூலப் பதிவு. ரேடியோவும் அதையே போட்டது. கடைக்குப் போனவர்களுக்கு அந்தப் பதிவு எளிதில் கிடைக்கவில்லை. குழு அதே பாட்டைப் புதிதாகப் பாடி வேறு லேபிளில் வெளியிட்டது. ஹாட் 100 விற்பனை, ரேடியோ ஒலிபரப்பு இரண்டையும் சேர்த்து எண்ணியது. பழையது ரேடியோ பலத்தில் 13ஆம் இடம் வரையிலும், புதியது விற்பனை பலத்தில் 19 வரையிலும் போயின. இரண்டும் ஒரே நேரத்தில் முதல் 20க்குள் இருந்தன. பதிவு வேறென்றால் கணக்கும் வேறு.

இதற்கு நேரெதிர், பாட்டு வேறு தலைப்பு மட்டும் ஒன்று. 'தி பவர் ஆஃப் லவ்' 1984 டிசம்பரில் ஃப்ராங்கி கோஸ் டு ஹாலிவுட்டுக்கும், 1985 அக்டோபரில் ஜெனிஃபர் ரஷ்ஷுக்கும் பிரிட்டனில் முதலிடம் தந்தது. இடையில் 1985 ஆகஸ்டில் ஹ்யூயி லூயிஸின் பாட்டு அமெரிக்காவில் முதலிடம். மூன்றும் வெவ்வேறு பாட்டுகள். தேடும்போது தலைப்போடு பாடகர் பெயரையும் சேர்க்காவிட்டால் மூன்றும் கலந்துவிடும்.

கேள்வி: மரியா கேரியின் கிறிஸ்துமஸ் பாட்டு 'ஆல் ஐ வான்ட் ஃபார் கிறிஸ்துமஸ் இஸ் யூ' 1994இல் வந்தது, முதலிடம் 2019இல். 25 ஆண்டு ஏன் பிடித்தது?

பதில்: முதல் காரணம் விதி. 1998 டிசம்பர் வரை, அமெரிக்காவில் கடையில் சிங்கிளாக விற்காத பாட்டு ஹாட் 100க்குள் நுழையவே முடியாது. இந்தப் பாட்டை அங்கே அப்படி விற்கவில்லை. நோ டவுட் குழுவின் 'டோன்ட் ஸ்பீக்' ரேடியோ பட்டியலில் 16 வாரம் முதலிடத்தில் இருந்தும் ஹாட் 100இல் இல்லாமல் போனதும் இதே விதியால். விதி மாறிய பின் 2000 ஜனவரியில்தான் கேரியின் பாட்டு 83ஆம் இடத்தில் தலைகாட்டியது. பிறகு ஸ்ட்ரீமிங் வந்தது. ஒருமுறை வாங்கியவர் மறுபடி வாங்க மாட்டார், ஆனால் ஒவ்வொரு டிசம்பரும் மறுபடி கேட்பார். பழைய கிறிஸ்துமஸ் பாட்டுகள் எல்லாம் மேலேறியது அதனால்தான். பிரெண்டா லீயின் 1958 பாட்டு 2023 டிசம்பரில் முதலிடம் வந்ததும் இந்த அலையில்தான்.

கேரியின் பாட்டில் ஒரு தேதி விநோதமும் உண்டு. முதலிடத்தின் மூன்றாவது வாரப் பட்டியலின் தேதி 2020 ஜனவரி 4. அதனால் நான்கு பத்தாண்டுகளில் முதலிடம் பெற்ற முதல் கலைஞர் ஆனார். ஆனால் அந்தப் பட்டியலுக்கான ஸ்ட்ரீமிங்கும் விற்பனையும் எண்ணப்பட்டது 2019 டிசம்பர் 20 முதல் 26 வரை! 2020 டிசம்பரில் பாட்டு மீண்டும் முதலிடம் வந்ததால் இப்போது அந்தச் சாதனையைக் கேள்வி கேட்க வழியில்லை.

பிரிட்டனில் 1984 டிசம்பரில் வாம் குழுவின் 'லாஸ்ட் கிறிஸ்துமஸ்' இரண்டாம் இடத்தில் நின்றது. மேலே நின்று மறித்தது பேண்ட் எய்ட் பாட்டு. அதில் பாடியவர்களில் ஒருவர் வாமின் ஜார்ஜ் மைக்கேல்.

கேள்வி: 97ஆம் இடத்திலிருந்து ஒரே வாரத்தில் 1? எப்படி?

பதில்: 2009 பிப்ரவரி 7 ஹாட் 100 பட்டியலில் கெல்லி கிளார்க்சனின் 'மை லைஃப் வுட் சக் வித்அவுட் யூ'. முதல் வாரம் ரேடியோ ஒலிபரப்பு மட்டும் கணக்கில் ஏறி 97. அடுத்த வாரம் டவுன்லோடு விற்பனை திறந்தது. இப்படிப்பட்ட பாய்ச்சலைக் கண்டால், விற்பனை எந்த நாளில் தொடங்கியது என்று முதலில் பாருங்கள். கீழே விழுவதற்கும் இதே மாதிரியான காரணம் உண்டு. ரசிகர்கள் முதல் வாரத்திலேயே வாங்கிக் குவித்துவிட்டால் அடுத்த வாரத்துக்கு வாங்க ஆள் இருக்காது. ஜிமினின் 'லைக் கிரேஸி' 2023 ஏப்ரலில் 1இலிருந்து 45க்குப் போனது.

கேள்வி: வினாடி வினா நடத்துகிறேன். ஒரு இடத்தில் 'ப்ளீஸ் ப்ளீஸ் மீ' பிரிட்டனில் முதலிடம் என்கிறார்கள், இன்னொரு இடத்தில் இரண்டாமிடம் என்கிறார்கள். எதை நம்புவது?

பதில்: இரண்டும் சரி. 1963இல் பிரிட்டனில் பல பட்டியல்கள் இருந்தன. என்எம்ஈ, மெலடி மேக்கர் என்ற இரண்டு இசை இதழ்களின் பட்டியல்களிலும் அது முதலிடம். ரெக்கார்ட் ரீடெய்லர் இதழின் பட்டியலில் 2. இன்றைய அதிகாரபூர்வ வரலாறு 1960 மார்ச் முதல் 1969 பிப்ரவரி வரையிலான காலத்துக்கு ரெக்கார்ட் ரீடெய்லரையே எடுத்துக்கொள்கிறது. அதனால்தான் 2000இல் வந்த பீட்டில்ஸின் முதலிடப் பாட்டுகளின் தொகுப்பான '1'இல் 27 பாட்டு இருந்தும் இது இல்லை.

கேள்வி தயாரிக்கும்போது முதலில் பட்டியலின் பெயரை எழுதுங்கள். 'அமெரிக்கப் பட்டியல்' என்று மட்டும் போட்டால் மாட்டிக்கொள்வீர்கள். எல்விஸுக்கு ஹாட் 100இல் 7 முதலிடம்தான், ஏனென்றால் அவருடைய 1956 முதல் 1958 நடுப்பகுதி வரையிலான வெற்றிகள் ஹாட் 100 பிறப்பதற்கு முந்தியவை. அவற்றையும் சேர்த்தால் 17 அல்லது 18. 'டோன்ட் பி க்ரூயல்', 'ஹவுண்ட் டாக்' இரண்டும் ஒரே இசைத்தட்டின் இரண்டு பக்கங்கள். அதை ஒன்றாக எண்ணுவதா, இரண்டாக எண்ணுவதா என்பதில்தான் அந்த ஒன்று தகராறு.

அடுத்து தேதி. பில்போர்டில் எண்ணும் வாரம் வெள்ளி முதல் வியாழன் வரை. பட்டியலின் தேதியோ அந்த வியாழன் கழிந்து ஒன்பது நாள் தள்ளி வரும் சனிக்கிழமை. 'இந்த நாளில் முதலிடத்தில் எது' என்று கேட்காமல் 'இந்தத் தேதியிட்ட பட்டியலில்' என்று கேளுங்கள். பழைய பிரிட்டன் தேதிகளில் சில புத்தகங்கள் வாரம் தொடங்கும் நாளையும், சில முடியும் நாளையும் போட்டிருக்கும். ஒரு வாரம் முன்பின்னாக இருந்தால் பெரும்பாலும் இதுதான் காரணம்.

கேள்வி: இரண்டாம் இடத்திலேயே தங்கிவிட்டவர்களைப் பற்றியும் சொல்லுங்களேன்.

பதில்: ஃபாரினர் குழுவின் 'வெயிட்டிங் ஃபார் எ கேர்ல் லைக் யூ' 1981 நவம்பர் 28 முதல் 10 வாரம் இரண்டாமிடத்தில் இருந்தது. ஒன்பது வாரம் மேலே இருந்தது ஒலிவியா நியூட்டன்-ஜானின் 'ஃபிசிகல்'. பத்தாவது வாரம் அது ஒருவழியாக இறங்கியபோது, கீழேயிருந்து வந்த ஹால் அண்ட் ஓட்ஸ் பாட்டு தாண்டிப் போய் முதலிடத்தில் உட்கார்ந்தது. கிரீடன்ஸ் கிளியர்வாட்டர் ரிவைவல் குழுவுக்கு ஹாட் 100இல் ஐந்து சிங்கிள்கள் இரண்டாமிடம், முதலிடம் ஒன்றுகூட இல்லை. ஆனால் அந்த ஐந்தில் ஒன்றான 'பேட் மூன் ரைசிங்', 1969 செப்டம்பரில் பிரிட்டனில் மூன்று வாரம் முதலிடத்தில் இருந்தது.