எட்டுக்கால் பூச்சி விஷம்: கேட்டவங்களுக்கு என் பதில்

பினாங்குலேர்ந்து எழுதுறேன். லேப்ல விஷ புரோட்டீன் பிரிக்கிற வேலை, பத்து வருஷம் ஆச்சி. போன வாரம் ஒருத்தர் பூந்தொட்டி போட்டோ போட்டு "இது கடிச்சா சாவா"ன்னு கேட்டதுலேர்ந்து கேள்வி நிக்கவே இல்ல, அதான் எல்லாத்துக்கும் ஒரே எடத்துல சொல்லிடுறேன்.

செந்தூல் மாறன்: அண்ணே, ஒரே குடும்பத்து சிலந்தின்னா விஷமும் ஒண்ணுதானா?

ஒரே வீட்டு அக்கா தங்கச்சி வைக்கிற மீன் கறி மாதிரி தம்பி. மசாலா ஒண்ணு, ஒருத்தி புளிய கூட ஊத்துவா. கருப்பு விதவைச் சிலந்திய எடுத்துக்கோங்க, அது விஷத்துல மனுசன படுத்துறது ஆல்ஃபா லாட்ரோடாக்சின், பெரிய புரோட்டீன். நரம்பு முனையில போயி ஒட்டி ஓட்டை போடுது, கால்சியம் உள்ள பாயுது, நரம்பு வச்சிருக்கற ரசாயனத்த எல்லாம் ஒரே நேரத்துல கொட்டிடுது, பைப்ப தெறந்து விட்டு மூட மறந்த மாதிரி, அதான் கடிபட்டவனுக்கு வலி, வேர்வை, தசை பிடிப்பு. அதே புரோட்டீனுக்கு அந்த சிலந்திகிட்டயே கூடப்பிறந்தது ஆறு இருக்கு, அஞ்சு பூச்சிய மட்டும் தாக்கும், ஒண்ணு இறால் நண்டு வகைய. அடிப்படை ஒண்ணுதான், குறி வேற.

இதுல எனக்கே ஆச்சரியமா இருந்தது, சும்மா வீட்டு மூலையில வலை கட்டுற சாதா சிலந்தி ஒண்ணு இதுக்கு தூரத்து சொந்தம், அது ஜீனோம்லயும், அதாவது மொத்த ஜீன் தொகுப்புலயும், இந்த லாட்ரோடாக்சின் குடும்பம் இருக்கு. ஆனா அது கடிச்சி யாரும் இப்படி துடிக்கிறதில்ல. எந்த ஜீன் இருக்குங்கறது ஒண்ணு, விஷப்பையில எத எவ்ளோ செய்யுதுங்கறது இன்னொண்ணு.

செராஸ் லதா: பூந்தொட்டி போட்டோ போட்டது நான்தான். அது விதவைச் சிலந்தியா?

ஆமா அக்கா, பழுப்பு விதவை. தீபகற்ப மலேசியாவுல இருக்குன்னு 2015ல ஆய்வுக் கட்டுரையாவே வந்துடுச்சி. அடிவயித்துல ஆரஞ்சு கலர் உடுக்கை மாதிரி இருந்துச்சா? அதவிட சுலபமான அடையாளம் முட்டைப் பை. சுத்தி சின்ன சின்ன முள்ளோட குட்டி ரம்புத்தான் கணக்கா தொங்கும், உங்க ரெண்டாவது போட்டோவுல ஓரமா தெரியுதே, அதேதான். கருப்பு விதவைக்கு சொந்தம்னாலும் பொதுவா கடி அவ்ளோ மோசமா போறதில்ல, கொஞ்சமா விஷம் விடுது. கையுறை போட்டு தொட்டிய தூக்குங்க, பழைய நாற்காலிக்கு அடியிலயும் பாருங்க. கடிச்சி வலி ஏறிக்கிட்டே போனா கிளினிக்குல உக்காந்திருக்காம நேரா ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்கு போங்க.

பட்டர்வொர்த் செல்வி: எங்க அக்கா சிட்னில இருக்கா. அங்க சிலந்திக்கு விஷமுறிவு மருந்து இருக்காமே, ஒவ்வொரு சிலந்திக்கும் தனித்தனி மருந்தா?

நல்ல கேள்விமா, விஷம் சொந்தம் பாக்கறதால என்ன லாபம்னு இங்கதான் புரியும். ஆஸ்திரேலியாவுல ரெட்பேக்னு ஒரு விதவைச் சிலந்தி, அதுக்கு 1956ல மருந்து வந்துச்சி, குதிரைல செய்றது. அது மத்த விதவைச் சிலந்தி விஷத்தையும் முறிக்குது. சிட்னி ஃபன்னல்வெப்னு இன்னொரு சிலந்தி, அது கதை இன்னும் ஜோர். ஸ்ட்ருவன் சதர்லண்ட்னு ஒருத்தர் வருஷக்கணக்கா போராடி முயல்ல அந்த மருந்த செஞ்சார், 1981லேர்ந்து பாவிக்கிறாங்க. முயலுக்கு ஊசி போட்டது ஒரு இனத்து ஆண் சிலந்தி விஷத்த, ஆனா மத்த ஃபன்னல்வெப் கடிக்கும் கேக்குது, எலிச்சிலந்தின்னு வேற குடும்பமே ஒண்ணு இருக்கு, அதுக்கும் கேக்குது! ஏன்னா மூணுலயும் 42 அமினோ அமிலத்துல ஒரு சின்ன நச்சு, அமினோ அமிலம்னா புரோட்டீன எழுதுற எழுத்து மாதிரி, ஒண்ணு மேல ஒண்ணு வச்சா அங்கங்க சில எழுத்துதான் மாறும். ஒங்க அக்கா பூனை வளத்தா பயப்பட வேணாம், இந்த விஷம் மனுசனையும் குரங்கையும்தான் வாட்டும், பூனை நாய்க்கு பெருசா ஏறாது.

ஆயர் ஈத்தாம் ரகு: பையன் டரான்டுலா வளக்கறான், பினாங்கு மலைல இருக்கற வகைன்னு சொல்லி வித்தாங்க. ஆபத்தா?

மொதல்ல, விக்கிறவன் சொல்ற பேர நம்பாதீங்க, நானும் ஒரு தடவ ஒண்ண காசு குடுத்து வாங்கி, லேப்ல பாத்தா வேற இனம், நாலு மாச வேலை போச்சி. நம்ம பக்கத்து டரான்டுலாவுக்கு அமெரிக்க வகை மாதிரி அரிக்கிற முடி கெடையாது, கடிதான் ஒரே ஆயுதம், அதனால சட்டுனு கடிக்கும், வலி நல்லாவே இருக்கும். சீனாவுல இதுங்களோட சொந்தக்கார ரெண்டு இனத்துலேர்ந்து எடுத்த ஹுவென்டாக்சின், ஹைனான்டாக்சின்னு ரெண்டு நச்சு வகை இருக்கு, அதுல நாலாம் நம்பர் ரெண்டுமே 35 அமினோ அமிலம், ரெண்டும் நரம்புக்குள்ள சோடியம் போற வழிய அடைக்குது. மூணு கந்தகப் பிணைப்பு போட்டு இறுக்குன முடிச்சு அது, மல்லிப்பூ சரத்துல போடுவாங்களே அந்த மாதிரி, லேசுல அவிழாது. முடிச்சு மாறாம மேல இருக்கற எழுத்து மட்டும் மாறி மாறி புதுப்புது நச்சு வருது. அதுல ஒண்ணு வலிய கடத்துற வழிய அடைக்கறதால வலிநிவாரணி செய்யலாமான்னு பாக்குறாங்க. பையன வெறுங்கையால தூக்க வேணாம்னு சொல்லுங்க.

ஜெலுத்தோங் தாத்தா: நாங்க தீப்பெட்டில அடைச்சி சண்டை விட்ட சிலந்திக்கும் விஷம் உண்டா?

உண்டு தாத்தா, ஈக்கு. உங்க வெரலுக்கு இல்ல.

கெப்போங் அனிதா: சொந்தமே இல்லாத ரெண்டு ஜந்துகிட்ட ஒரே விஷம் இருக்குமா?

இருக்கே! பழுப்பு ரெக்லூஸ் சிலந்தி கடிச்சா தோல் அழுகும், அதுக்கு காரணமான நொதி மாதிரியே ஒண்ணு சில பாக்டீரியாகிட்ட இருக்கு. ரெண்டுக்கும் நடுவுல எப்பவோ ஜீன் தாவியிருக்கலாம்னு ஒரு கருத்து. அதனால விஷத்த மட்டும் வச்சி சொந்தம் சொல்லாதீங்க.

ரவாங் கணேசன்: பத்துமலை குகைல ஆதிகாலத்து சிலந்தி இருக்காமே, அதுக்கு விஷமே கெடையாதுன்னு படிச்சேன்.

நீங்க படிச்சது பழசு சார். லிஃபிஸ்டியஸ் பட்டுயென்சிஸ், பேர்லயே பத்துமலை இருக்கு. மத்த எல்லா சிலந்திக்கும் முன்னாடியே பிரிஞ்ச கிளை, வயித்துமேல தட்டு தட்டா பழைய காலத்து அடையாளம் இன்னும் இருக்கு. குகைச் சுவத்துல மூடி போட்ட வீடு கட்டி வாசல்லேர்ந்து நூல வெளிய நீட்டி விட்டு உக்காந்திருக்கும், பூச்சி காலு நூல்ல பட்டுச்சின்னா மூடிய தெறந்து ஒரே பாய்ச்சல். இந்த கிளைக்கு விஷப்பை கெடையாதுன்னுதான் ரொம்ப நாள் நெனச்சாங்க, 2010ல நல்லா வெட்டிப் பாத்தப்பதான் இருக்குன்னு தெரிஞ்சது. டரான்டுலாவுக்கு சொன்ன அந்த முடிச்சு போட்ட நச்சு அப்பவே இருந்துச்சான்னு கேட்டு நாலு பேரு தனியா மெசேஜ் போட்டிருக்கீங்க, அது பெரிய கதை, நாளைக்கு ராத்திரி சாப்ட்டுட்டு வந்து எழுதுறேன்.