வாசகர் கேள்வி–பதில்: மொம்பாசாவில் நண்பர் வீட்டில் மூன்று மாதம்

கேள்வி: என் கணவர் துறைமுகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். எங்கள் தெருவிலேயே வளர்ந்த அவருடைய நண்பர், கென்யாவின் மொம்பாசா நகரில் படகு எஞ்சின் பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருக்கிறார். வந்து மூன்று மாதம் தங்கிவிட்டுப் போகவேண்டும் என்று அவர் வற்புறுத்துகிறார். ‘விருந்தும் மருந்தும் மூன்று நாள்’ என்று கேட்டு வளர்ந்த எனக்கு இது கூச்சமாக இருக்கிறது. செலவில் பங்கு தருகிறோம் என்றால், நான் அண்ணன் என்று அழைக்கும் அந்த நண்பர் கோபித்துக்கொள்கிறார். போகலாமா? – ஒரு வாசகி, தண்டையார்பேட்டை.

பதில்: தாராளமாகப் போகலாம். ஆனால் அழைத்தவர் அண்ணன் மட்டுமா, அண்ணியும் சேர்ந்தா என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். நண்பர்கள் இருவரும் பழங்கதை பேசிக் களிக்கும் மூன்று மாதமும் அடுப்படியில் நிற்கப்போகிறவர் அவர்தான். ஆகவே அவரிடம் நீங்களே தனியாகத் தொலைபேசியில் பேசி, எந்த மாதங்கள் வசதிப்படும், பிள்ளைகளுக்குத் தேர்வு இருக்கிறதா, வேறு உறவினர் யாரேனும் வருகிறார்களா என்று கேட்டுவிடுவது நல்லது.

அடுத்தது நாள் கணக்கு. 2024 ஜனவரி முதல் கென்யா பழைய விசா முறையைக் கைவிட்டு, இணையவழிப் பயண அனுமதி முறைக்கு மாறியிருக்கிறது. அதற்குக் கென்ய அரசின் இணையதளத்திலேயே விண்ணப்பிக்க வேண்டும். அதே தோற்றத்தில் கூடுதல் கட்டணம் கறக்கும் இடைத்தரகர் தளங்களும் உண்டு என்பதால் கவனம் தேவை. இந்த அனுமதியில் தங்கக்கூடிய காலம் 90 நாள் வரைதான். மூன்று மாதம் என்று நாம் வாய்வழக்கில் சொல்வது சில சமயம் அதைத் தாண்டிவிடும்: ஜூலை 1 முதல் செப்டம்பர் 30 வரை எண்ணிப் பார்த்தால் 92 நாள் ஆகிறது. திரும்பும் பயணச்சீட்டைப் பதிவு செய்யும்போது நாட்காட்டியை வைத்து எண்ணுங்கள். என்னைக் கேட்டால் முதல் பயணத்துக்கு இரண்டு மாதமே போதும் என்பேன். தேதியை மாற்றிக்கொள்ளக்கூடிய சீட்டாக வாங்கிவிட்டால், அங்கே மனம் ஒன்றினால் நீட்டித்துக்கொள்ளலாம்; இல்லாவிட்டால் யாருக்கும் மனவருத்தமின்றிக் கிளம்பலாம்.

செலவு விஷயத்தில், பணமாகக் கொடுக்கும் பேச்சையே எடுக்காதீர்கள். அண்ணன் கோபித்துக்கொள்வதில் வியப்பில்லை. வீட்டின் அன்றாடச் செலவுகளில் சிலவற்றைப் பேச்சின்றி உங்கள் கைக்கு மாற்றிக்கொள்வதே வழி. அங்கே பெரும்பாலான வீடுகளில் முன்பணம் கட்டும் மின்மீட்டர்தான் இருக்கிறது. கைப்பேசியிலிருந்து பணம் செலுத்தினால் ஓர் எண் வரும். அதை மீட்டரில் அழுத்தினால் மின்சாரம் ஏறும். 2007-இல் தொடங்கிய எம்-பெசா என்ற கைப்பேசிப் பணமுறை அந்நாட்டில் காய்கறிக்காரர் வரை எல்லோரிடமும் இருக்கிறது. போய் இறங்கிய முதல் வாரத்திலேயே பாஸ்போர்ட்டைக் காட்டி உள்ளூர் சிம் வாங்கி, அதில் எம்-பெசாவைப் பதிவு செய்துகொண்டால், மின்சாரத்தையும் சந்தைச் செலவையும் உங்கள் கணவர் பார்த்துக்கொள்ளலாம்.

தண்ணீரையும் சொல்லவேண்டும். மொம்பாசாவுக்குக் குடிநீர், 200 கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள முசிமா ஊற்றிலிருந்தெல்லாம் குழாயில் வருகிறது, அப்படியும் போதுவதில்லை. குழாயில் காற்று வருவதும், உப்பேறிய ஆழ்குழாய்க் கிணறும், விலைக்கு வாங்கும் லாரித் தண்ணீரும் தண்டையார்பேட்டைக்காரர்களுக்கு நான் விளக்கவேண்டியவை அல்ல. இரண்டு பேர் கூடுதலாகக் குளித்துத் துவைத்தால் அந்த வீட்டுக்கு எவ்வளவு சுமை என்பதை நீங்களே கணக்கிட்டுவிடுவீர்கள். அடுத்த லாரிக்கு உங்கள் கணவர் பணம் கொடுக்கட்டும். வீட்டு வேலைக்கு உதவியாளர் இருந்தால், கிளம்பும்போது அவருக்குத் தனியாகக் கணிசமான தொகை கொடுத்துவிட்டு வாருங்கள். உங்களால் வேலை கூடியது அவருக்கும்தான்.

ஓர் எச்சரிக்கை. பொழுது போகவில்லை என்று உங்கள் கணவர் பட்டறைக்குப் போய் ஸ்பேனரைக் கையில் எடுத்துவிடக் கூடாது. பார்வையாளராக வந்தவர் அங்கே வேலை செய்வது, சம்பளம் வாங்காவிட்டாலும், குடியேற்ற அதிகாரிகளின் பார்வையில் நண்பரையும் சேர்த்துச் சிக்கலில் மாட்டிவிடக்கூடும்.

இவை எல்லாவற்றையும்விட நான் வலியுறுத்துவது, நடுவில் வீட்டாரைத் தனியே விட்டுவிட்டு நீங்கள் இருவர் மட்டும் சில நாள் வெளியூர் போய்வருவதைத்தான். வடக்கே கடற்கரையோடு போனால், 1498-இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வழிகாட்டி மாலுமியைப் பெற்றுக்கொண்டு புறப்பட்ட மலிந்தி இருக்கிறது. அதற்குச் சற்று முன்பே, காட்டுக்குள் பவளக்கல் சுவர்களோடு நிற்கும் கெடி என்ற கைவிடப்பட்ட நகரம் இருக்கிறது. மொம்பாசாவுக்குள்ளேயே போர்த்துக்கீசியர் 1593-இல் கட்டத் தொடங்கிய ஜீசஸ் கோட்டைக்கும், அதை ஒட்டிய பழைய நகரத்துக்கும் ஒரு முழு நாள் வேண்டும். பழைய நகரம் பெரும்பாலும் முஸ்லிம் மக்கள் வாழும் பகுதி. உடையில் அடக்கமும், ரமலான் மாதமானால் பகலில் தெருவில் உண்ணாமல் இருப்பதும் மரியாதை. நீங்கள் ஊரில் இல்லாத அந்த நாட்களில் வீட்டார் தங்கள் வழக்கப்படி இருந்துகொள்வார்கள். திரும்பி வரும்போது வரவேற்பும் புதிதாக இருக்கும்.

கேள்வி: எனக்கு வயது 63. நாங்களும் மொம்பாசாவில் உறவினர் போன்ற நண்பர் வீட்டில் தங்கப்போகிறோம். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அவசியமா? மலேரியாவை வடசென்னையில் பார்க்காதவர்களா நாம், அதற்கு எதற்கு மாத்திரை என்கிறார் என் மனைவி. – ஒரு வாசகர், இராயபுரம்.

பதில்: இந்தியாவிலிருந்து நேராகப் போகிறவர்களிடம் கென்யா மஞ்சள் காய்ச்சல் சான்றிதழ் கேட்பதில்லை, திரும்பி வரும்போது இந்தியாதான் கேட்கும். மொம்பாசா நகரில் அந்நோயின் அபாயம் குறைவு என்றாலும் விதி நாடு முழுமைக்கும் பொருந்தும். அந்நோயைப் பரப்பும் ஏடிஸ் கொசு நம் ஊரில் ஏராளமாக இருக்கிறது, வைரஸ் மட்டும் இன்னும் வரவில்லை என்பதால் இந்தக் கண்டிப்பில் நியாயம் உண்டு. சான்றிதழ் இல்லாமல் வந்தால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்துவார்கள். ஊசி போட்டுப் பத்து நாள் கழிந்த பிறகே சான்றிதழ் செல்லும். பிறகு ஆயுள் முழுவதும் செல்லும். கிண்டி கிங் நிலையத்திலும், உங்களுக்குப் பக்கத்திலேயே ராஜாஜி சாலையிலுள்ள துறைமுகச் சுகாதார அலுவலகத்திலும் போடுகிறார்கள்; நாளையும் நேரத்தையும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். அறுபது வயதைக் கடந்து முதல்முறையாக இந்த ஊசியைப் போட்டுக்கொள்பவர்களுக்கு, அரிதாக என்றாலும், கடுமையான பின்விளைவு ஏற்படும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல். முட்டை ஒவ்வாமை இருந்தாலும் சொல்லவேண்டும். உங்கள் மருத்துவரைப் பார்க்காமல் ஊசிக்கு வரிசையில் நிற்காதீர்கள்.

உங்கள் மனைவி சொல்வதை மட்டும் நான் ஏற்கமாட்டேன். மாடித் தொட்டிகளிலும் கிணறுகளிலும் வளரும் கொசுவால் நம் பகுதியில் வந்த மலேரியா பெரும்பாலும் வைவாக்ஸ் வகை. ஆளை முறித்துப் போடும், ஆனால் உயிரைப் பறிப்பது அரிது. கென்யக் கடற்கரையில் இருப்பது ஃபால்சிபாரம் வகை. அது சில நாட்களிலேயே மூளையையும் சிறுநீரகத்தையும் தாக்கக்கூடியது. நாம் அறிந்த குளோரோகுயின் அதற்குப் பயன்படாது. எந்தத் தடுப்பு மாத்திரை என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். டாக்ஸிசைக்ளின் என்றால் ஊர் திரும்பிய பிறகும் நான்கு வாரம் தொடரவேண்டும். பலர் இங்கேதான் விட்டுவிடுகிறார்கள். திரும்பிய பின் சில மாதங்களுக்குள் காய்ச்சல் வந்தால், முதல் வாக்கியத்திலேயே ஆப்பிரிக்கா போய்வந்ததை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: மொம்பாசாவுக்கு எந்த மாதம் போகலாம், எதை எடுத்துப் போகலாம்? கருவாடு கொண்டு வரச் சொல்கிறார்கள். – ஒரு வாசகி, திருவொற்றியூர்.

பதில்: ஏப்ரலும் மே மாதமும் அங்கே கனமழை, தவிருங்கள். ஜூலை முதல் செப்டம்பர் வரை தென்கிழக்குக் காற்றில் வெயில் தணிந்திருக்கும்.

தேங்காய், புளி, மரவள்ளி, முளைக்கீரை, துவரை எல்லாம் அந்த மண்ணிலேயே விளைகின்றன. துவரையைத் தேங்காய்ப்பாலில் வேகவைத்து உண்பது அங்கே காலைச் சிற்றுண்டி. குஜராத்தியர் கடைகளில் பருப்பும் பெருங்காயமும் கிடைக்கும். ஆகவே அரிசி, பருப்பைச் சுமக்காமல் வடகம், வற்றல், உங்கள் கைப்பட அரைத்த குழம்புத்தூள் என்று கொண்டுபோங்கள். விதை, செடி, பழம் வேண்டாம், சுங்கத்தில் போய்விடும். கருவாட்டையும் விட்டுவிடுங்கள். கடலோர ஊருக்குக் கருவாடு சுமந்து, மற்ற பயணிகளின் சாபத்தையும் வாங்குவானேன்?

காசிமேட்டுக் கடலைப் பார்த்துப் பழகிய நமக்கு அந்தக் கடல் புதிது. நம் கரையில் ஓதம், அதாவது கடல்நீரின் அன்றாட ஏற்ற இறக்கம், ஒரு மீட்டர் அளவே இருக்கும். அங்கே பெரிய ஓதத்தில் மூன்று மீட்டரைத் தாண்டும். நீர் வற்றும்போது பவளப்பாறை வரை நடந்தே போகலாம் போலிருக்கும். முள் நிறைந்த சிறு கடலுயிரியான கடல்முள்ளி காலில் குத்தும் என்பதால் ரப்பர் செருப்பு அவசியம். நீர் ஏறத் தொடங்கும் நேரத்தை மீனவர்களிடம் கேட்டுக்கொண்டே இறங்கவேண்டும்.

கடைசியாக, 2017 முதல் கென்யாவில் பிளாஸ்டிக் கேரி பேக்குக்குத் தடை, அபராதம் கடுமையானது. வடகத்தை டப்பாவில் போட்டுத் துணிப்பையில் கட்டுங்கள், விமான நிலையக் கடையில் கொடுக்கும் பையையும் இறங்குமுன் காலி செய்துவிடுங்கள்.