'சி' அடித்தால் சர்க்கிளுக்குப் பதில் காப்பி வர என்ன செய்வது?

கேள்வி: ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருளில் நான் அதிகம் பயன்படுத்துவது காப்பி கமாண்ட். 'சி' அடித்தால் அது வர வேண்டும் என்று கமாண்ட் ஷார்ட்கட்கள் எழுதியிருக்கும் பிஜிபி ஃபைலைத் திறந்து மாற்றினேன். இன்னும் சர்க்கிள்தான் வருகிறது. ஒருவர் ரெடிமேட் ஷார்ட்கட் தொகுப்பு விற்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். உங்களுக்குத் தேவை ஒரே ஒரு வரி.

பிஜிபி ஃபைலை நீங்கள் சேமித்தாலும் ஆட்டோகேட் உடனே கவனிக்காது. திறக்கும்போது ஒருமுறை படிப்பதோடு சரி. கமாண்ட் லைனில் ஆர்-இ-ஐ-என்-ஐ-டி (REINIT) என்று அடித்து, வரும் பெட்டியில் பிஜிபி ஃபைல் என்பதற்கு டிக் போட்டு ஓகே கொடுங்கள். அல்லது மென்பொருளை மூடித் திறங்கள்.

அப்படியும் மாறவில்லை என்றால் வேறொரு பிரதியைத் திருத்தியிருக்கிறீர்கள். இதே பெயரில் ஒரு ஃபைல் மென்பொருள் நிறுவிய ஃபோல்டரிலும் இருக்கிறது. நடைமுறையில் படிக்கப்படுவது உங்கள் யூசர் கணக்குக்குள், மறைந்திருக்கும் ஒரு ஃபோல்டரில் கிடக்கிறது. தினம் வேலை செய்கிறவர் திருத்த வேண்டிய ஃபைலை இப்படி ஒளித்து வைப்பது எனக்கு இன்றுவரை எரிச்சல்தான். கம்ப்யூட்டரில் தேடாதீர்கள். மேலே மேனேஜ் டேப், கஸ்டமைசேஷன் பகுதி, எடிட் ஏலியசஸ்: அந்த வழியாகத் திறந்தால் சரியான ஃபைல் வரும்.

ஏற்கெனவே இருக்கும் வரிகளைத் தொடாமல், ஃபைலின் கடைசியில் எழுதுங்கள்: சி, உடனே கமா, கொஞ்சம் இடைவெளி, நட்சத்திரக் குறி, அதை ஒட்டி காப்பியின் முழுப் பெயர். ஒரே எழுத்து இரண்டு இடத்தில் இருந்தால் பின்னால் வருவதுதான் செல்லும். சர்க்கிளுக்கு வேறு எழுத்து கொடுத்துவிடுங்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். இந்த ஃபைலில் கமாண்டின் பெயரைத்தான் எழுதலாம், அதற்குள் வரும் ஆப்ஷனை எழுத முடியாது. ஜூம் கொடுத்து எக்ஸ்டென்ட்ஸ் (முழு டிராயிங்கும் திரையில் தெரிவது) வரை ஒரே ஷார்ட்கட்டில் போக வேண்டும் என்று, நட்சத்திரத்துக்குப் பின் ஜூம், அதன் பின் இ என்று எழுதுகிறவர்கள் ஏராளம். அது வேலை செய்யாது. எத்தனை முறை ரீலோட் செய்தாலும் செய்யாது. அதற்கு சியுஐ என்ற கஸ்டமைசேஷன் பெட்டியில் ஒரு மேக்ரோ (வரிசையாக ஓடும் கட்டளைகள்) எழுத வேண்டும், இல்லையென்றால் லிஸ்ப் மொழியில் சின்ன ப்ரோகிராம். கன்ட்ரோல், ஷிஃப்ட் சேர்த்து அழுத்தும் ஷார்ட்கட்டும் சியுஐ-யில்தான்.

இனி அந்தத் தொகுப்பு. பிஜிபி வெறும் டெக்ஸ்ட் ஃபைல், நோட்பேடில் திறந்து படிக்கலாம். ஆனால் இப்படி விற்கிறவர்கள் அதோடு அகேட் என்ற பெயரில் ஒரு லிஸ்ப் ஃபைலையோ, லிஸ்ப்பையே திறந்து படிக்க முடியாதபடி மாற்றிய எஃப்ஏஎஸ், விஎல்எக்ஸ் ஃபைலையோ சேர்த்துத் தருவார்கள். அகேட் லிஸ்ப் ஃபைல் யாரும் கூப்பிடாமலே ஓடும். ஆட்டோகேட் வைரஸ்கள் பல வருடங்களாகப் பரவும் வழி இதுதான்: டிராயிங் இருக்கும் ஃபோல்டர்களில் தன்னையே காப்பி செய்துகொண்டு, அந்த ஃபோல்டரை வாங்கித் திறக்கிற அடுத்தவர் கம்ப்யூட்டருக்கும் போய்விடும். முகம் தெரியாதவர் தரும் தொகுப்பைப் போட்டால் மாட்டுவது நீங்கள் மட்டுமல்ல, நீங்கள் டிராயிங் அனுப்புகிற எல்லோரும்.

"செக்யூர்லோட் மதிப்பை 0 ஆக்குங்கள், இல்லாவிட்டால் ஓடாது" என்று அவர் சொன்னால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். நம்பகமற்ற இடத்திலிருந்து ஒரு ப்ரோகிராம் ஏறப் பார்க்கும்போது எச்சரிப்பதே அந்த அமைப்புதான். அது 1-இலேயே இருக்கட்டும். பயிற்சி மையங்களிலும் சிலர் இதை அணைக்கச் சொல்லித்தருகிறார்கள். அந்தப் பழக்கத்தோடு வேலைக்கு வருகிறவர்களைப் பார்த்தால் கோபம்தான் வருகிறது.

நீங்கள் சேர்த்த வரிகளைத் தனி ஃபைலிலும் வைத்துக்கொள்ளுங்கள். புதிய பதிப்பு போட்டாலோ செட்டிங்ஸை ரீசெட் செய்தாலோ அவை காணாமல் போகலாம். அப்போது கடைசியில் ஒட்டி, மறுபடி ரீலோட் செய்தால் போதும்.